கருவிழிக்கு மேலும் கீழும்

ஜப்பானிய அனிமேஷன் பாணியான அனிமேயில் கண் வரைவது எப்படி என்று தேடிப் பாருங்கள். வருகிற வீடியோக்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகும். ஆரம்பத்திலேயே மேலிமைக்கு ஒரு தடித்த வளைகோடு, கீழே ஓரத்தில் சின்னதாக ஒரு கீற்று, அவ்வளவுதான், இமை வேலை முடிந்தது. மிச்ச நேரம் முழுக்கக் கருவிழிக்குத்தான். அடர்நீலம் பூசி, அதன் மேல் ஊதா, விளிம்பில் கொஞ்சம் பச்சை, நடுவில் கறுப்பாகக் கண்ணின் பாப்பா, வெள்ளை ஜெல் பேனாவால் பெரிதாக ஒரு பொட்டு, பக்கத்தில் சின்னதாக இன்னொன்று, அடியில் ஒரு பிறை, அப்புறம் பொடிப்பொடியாக நட்சத்திரங்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கண்ணுக்கு உரியவள் சந்தோஷமாக இருக்கிறாளா, இப்போதுதான் அழுது முடித்தாளா, யாரையாவது முறைக்கிறாளா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இதோடு கூடவே இன்னொரு வகையும் கிடைக்கும். ஒரே தாளைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு ஜோடிக் கண் வரைந்து, அடியில் மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம், வெட்கம் என்று பெயர் எழுதியிருப்பார்கள். கையால் அந்தப் பெயர்களை மறைத்துவிட்டுப் பார்த்தால் பல கட்டங்களில் எது எது என்று தடுமாறும். ஜப்பானிய ஸ்டூடியோக்களிலும் இப்படி ஒரு தாள் உண்டுதான். கேரக்டர் டிசைனர் ஒரே பாத்திரத்தின் முகத்தைப் பல உணர்ச்சிகளில் வரைந்து கொடுப்பார், படத்தில் வேலை செய்கிற அத்தனை அனிமேட்டர்களின் கையிலும் அந்த முகம் மாறாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. அதில் முழு முகமும் இருக்கும். கண்ணை மட்டும் தனியாக வெட்டி எடுத்து, புருவத்தைக்கூட விட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர் ஒட்டுவது வேறு விஷயம். வரையக் கற்றுக்கொள்கிற பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள் என்பதுதான் எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு மாடியில் சில பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித்தருகிறேன். வருகிறவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் அனிமேதான் வேண்டும், அதிலும் கண்தான் முதலில் வேண்டும். அதனால் இந்தக் கேள்வி வாராவாரம் என் முன்னால் வந்து நிற்கும். நான் இதில் பிடிவாதமாக நம்புவது ஒன்று: உணர்ச்சி கருவிழியைச் சுற்றியுள்ள கோடுகளில் இருக்கிறது. மேலிமை கருவிழியை எந்த இடத்தில் வெட்டுகிறது, கீழிமை ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா, புருவத்தின் உள்முனை எங்கே நிற்கிறது, எவ்வளவு வெள்ளை வெளியே தெரிகிறது, இதெல்லாம் சேர்ந்துதான் ஒரு முகம் என்ன நினைக்கிறது என்று சொல்கிறது. இதை வாயால் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டிவிட்டு மறுபடி ஜெல் பேனாவைத்தான் எடுப்பார்கள். அவர்கள் கண்ணால் பார்த்து நம்பியது ஒரு குறிப்பிட்ட நாளில்தான்.

சார்ட் பேப்பரில் இரண்டு ஓட்டை

எட்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண், வகுப்பிலேயே பொறுமை அதிகம் உள்ளவள், ஒரு ஜோடிக் கண் வரைந்து கொண்டுவந்தாள். ஏ4 தாளில் பாதியை அடைக்கிற அளவுக்குப் பெரிய கண்கள். கலர் பென்சிலை அடுக்கடுக்காக ஏற்றி, கருவிழியின் மேல்பாதியில் இமையின் நிழலை இருட்டாக விட்டு, அடிப்பாதியில் வெளிச்சம் தேங்கி நிற்கும்படி மஞ்சள் கலந்த பச்சை கொடுத்திருந்தாள். கை தேர்ந்த வேலை. "இவ சோகமா இருக்கா அக்கா" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் எட்டிப் பார்த்து, "ஏதோ கிஃப்ட் வாங்கின மாதிரியில்ல இருக்கு" என்றான். இன்னொருத்தி, "சும்மா பாக்குறா, அவ்ளோதான்" என்றாள். வரைந்தவளுக்கு முகம் வாடிவிட்டது. "கண்ணீர்கூட போட்டிருக்கேனே" என்று காட்டினாள். கன்னத்தில் இரண்டு துளி இருக்கத்தான் செய்தது. அந்தத் துளிகளுக்கும் மேலே இருந்த கண்ணுக்கும் சம்பந்தம்தான் இல்லை.

அவ்வளவு உழைத்த தாளின் மேல் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை. வெள்ளைச் சார்ட் பேப்பரில் அதே அளவுக்கு ஒரு துண்டு எடுத்து, கண் இருக்க வேண்டிய இடத்தில் கட்டரால் இரண்டு ஓட்டை போட்டேன். ஓட்டையின் மேல்விளிம்பை வளைவாக விடாமல், மூக்கை நோக்கிச் சரிகிற நேர்கோடாக வெட்டினேன். அதை ஒட்டினாற்போல் பிரஷ் பென்னால் இரண்டு புருவம் இழுத்துவிட்டு, அந்தத் துண்டை அவள் படத்தின் மேல் வைத்தேன். அடியில் இருந்த கருவிழி அப்படியே இருந்தது, ஒரு நட்சத்திரம்கூட மாறவில்லை. "கோவம்!" என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அடுத்த துண்டில் மேல்விளிம்பை வெளிப்பக்கமாகச் சரித்து, புருவத்தின் உள்முனையைத் தூக்கி வரைந்தேன். இந்த முறை யாரும் உடனே சொல்லவில்லை. பிறகு அந்தப் பையன்தான், "அழப் போறா" என்றான். மூன்றாவதில் மேல்விளிம்பை இயல்பாக விட்டு, கீழ்விளிம்பை மட்டும் மேல்நோக்கி வளைத்து, கருவிழியின் அடிப்பாகம் மறைகிற மாதிரி வெட்டினேன். வாயே வரையவில்லை. ஆனாலும் "சிரிக்கிறா" என்றார்கள்.

பயத்துக்கு மட்டும் இந்த வழி சரிப்படவில்லை. அதற்குக் கருவிழி சுருங்கி, சுற்றிலும் வெள்ளை தெரிய வேண்டும், ஓட்டையை எப்படி வெட்டினாலும் அது வராது.

அப்புறம் அந்தப் பெண் கத்தரியை வாங்கிக்கொண்டாள். அழுகைத் துண்டில் இருந்த புருவத்தையும், சிரிப்புத் துண்டில் இருந்த கீழ்விளிம்பையும் பார்த்துப் பார்த்து ஒரே துண்டில் வெட்டி வரைந்து, தன் படத்தின் மேல் வைத்தாள். நான் அதை எதிர்பார்க்கவில்லை. "பொய் சொல்றா" என்றான் பையன். "இல்லடா, அழுகைய அடக்கிட்டு சிரிக்கிறா" என்றாள் இன்னொருத்தி. இரண்டு பேரும் வெகுநேரம் சண்டை போட்டார்கள். தாளில் இருக்கிற ஒரு ஜோடிக் கண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று இரண்டு பேர் வாதாடுகிறார்கள் என்றால் அந்தக் கண்ணுக்கு உயிர் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த வாதத்துக்கு நடுவில் நான் கருவிழி இருந்த தாளை மெதுவாக உருவி எடுத்துவிட்டு, வெறும் வெள்ளைத் தாளை அடியில் வைத்தேன். ஓட்டைகளுக்குள் ஒன்றுமே இல்லை. அப்போதும் புருவமும் இமையும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தன. தலைகீழாகவும் செய்து பார்த்தோம். வட்டமாக இரண்டு ஓட்டை போட்டு, கருவிழி மட்டும் தெரியும்படி வைத்தபோது யாருக்கும் எதுவும் தெரியவில்லை, அழகான இரண்டு வட்டங்கள்தான் தெரிந்தன.

நட்சத்திரம் வந்த வழி

கருவிழியின் மினுமினுப்பு வேண்டாத வேலை என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் அதன் மேல் மதிப்புதான் கூடும். மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதைகளை வரைந்த ஒஸாமு தெசுகா சிறுவயதில் வளர்ந்தது தகராசுகா ஊரில். பெண்கள் மட்டுமே எல்லா வேடங்களையும் ஏற்று நடிக்கும் இசை நாடகக் குழு அந்த ஊரில் இருக்கிறது, 1914இலிருந்து மேடையேறுகிறது. தெசுகாவின் அம்மா அவரை அங்கே கூட்டிப்போவது வழக்கம். கடைசி வரிசைக்கும் தெரியும்படி கண்ணைச் சுற்றிக் கனமாகத் தீட்டிய ஒப்பனை, மேலிருந்து விழும் விளக்கு கண்ணில் பட்டுத் தெறிக்கிற ஒளி. இன்னொரு பக்கம் டிஸ்னி படங்களும் பெட்டி பூப் என்கிற அமெரிக்கக் கார்ட்டூனும் அவருக்குப் பிடித்தவை. இது எல்லாம் சேர்ந்து 1953இல் அவர் சிறுமிகளுக்கான பத்திரிகையில் தொடங்கிய 'ரிபோன் நோ கிஷி' தொடரின் இளவரசிக்கு அந்தப் பெரிய கண்களைக் கொடுத்தது. 1950களின் பிற்பகுதியில் மகோட்டோ தகாஹாஷி என்கிற ஓவியர் அந்தக் கண்ணுக்குள் நட்சத்திரங்களை வைத்தார். நீண்ட இமைமுடி, வாசகரை நேராகப் பார்க்கிற முகம், கண்ணுக்குள் மின்னும் புள்ளிகள் என்று அவர் வரைந்த பெண்கள்தான் பின்னால் வந்த ஷோஜோ மங்காவுக்கே, அதாவது சிறுமிகளுக்கான படக்கதைகளுக்கே, முகவெட்டு ஆனார்கள். 1970களில் ஹாகியோ மோத்தோ, தகெமியா கெய்கோ போன்ற பெண் ஓவியர்கள் வந்து, பாத்திரத்தின் மனசுக்குள் ஓடுகிற பேச்சைப் பக்கம் முழுக்கப் பரவவிட்டபோது, அந்தப் பேச்சு கிளம்புகிற இடமாகக் கண் நின்றது.

இவர்கள் யாரும் நட்சத்திரத்தை மட்டும் நம்பவில்லை என்பதைத்தான் நான் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன். மலிவான தாளில் கறுப்பு மையில் அச்சாகிற பக்கம், கலர் கிடையாது. ஊதா, பச்சை என்று அடுக்க வழியில்லாத இடத்தில் கோட்டின் தடிமனையும், இமையின் சாய்வையும், வெள்ளையின் அளவையும் வைத்துத்தான் அழவும் சிரிக்கவும் வைத்தார்கள். மியுச்சி சுசுயே 1976இல் தொடங்கிய 'கிளாஸ் மாஸ்க்' மங்காவில் ஒரு வழக்கம் உண்டு, படித்தவர்களுக்கு மறக்காது: பாத்திரத்துக்குப் பேரதிர்ச்சி என்றால் கருவிழியே காணாமல் போய்விடும். இமையும் இமைமுடியும் அப்படியே இருக்க, உள்ளே வெறும் வெள்ளை. அதிர்ச்சி அந்த வெள்ளையில்தான் ஏறுகிறது. இன்னொரு முனையில் பொங்குகிற சந்தோஷத்தைப் பாருங்கள், அங்கேயும் கண் மூடி ஒரே வளைகோடாகிவிடும், கருவிழி கிடையாது. உணர்ச்சி உச்சத்துக்குப் போகும்போது இந்தக் கலையே கருவிழியைக் கழற்றி வைத்துவிடுகிறது. எங்கள் மாடியில் ஓட்டைக்குள் வெள்ளைத் தாள் வைத்துப் பார்த்தோமே, அதையே ஜப்பானிய ஓவியர்கள் பல பத்தாண்டுகளாக அச்சில் செய்துகொண்டிருக்கிறார்கள்.

டிவிக்கு வந்தபோது கண்ணின் பொறுப்பு இன்னும் கூடியது. 1963 ஜனவரி 1இல் தெசுகாவின் ஸ்டூடியோ தயாரித்த 'ஆஸ்ட்ரோ பாய்' தொடர் வாராவாரம் ஒளிபரப்பாகத் தொடங்கியது. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிற படத்தில் ஒரே வரைபடத்தை மூன்று ஃபிரேம்களுக்கு வைத்தால் 8 படம் போதும். உடம்பை அசையாமல் நிறுத்தி வாயை மட்டும் அசைத்தால் இன்னும் மிச்சம். உடம்பு நிற்கும்போது பார்ப்பவர் பார்வை எங்கே போகும்? கண்ணுக்குத்தான். திறந்த கண், பாதி மூடிய கண், மூடிய கண், இந்த மூன்று படங்களில் ஒரு இமைப்பு வந்துவிடும். அழுகை வரப்போகிற கண்ணில் ஹைலைட்டை, அதாவது கருவிழியில் வைக்கிற அந்த வெள்ளைப் பொட்டை, மட்டும் லேசாக நடுங்கவைத்தால் முகத்தில் வேறு எதையும் தொட வேண்டியதில்லை. முடியின் மேலாகவே புருவத்தை வரைகிற வழக்கத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நெற்றியில் விழுகிற முடிக்குப் பின்னால் புருவம் மறைந்துவிட்டால் பாதிப் பேச்சு போய்விடும் என்பதால், நிஜத்தில் தெரியவே முடியாத இடத்தில்கூட அதைக் காட்டுகிறார்கள். புதிதாக வரைகிறவர்கள் முடியை முதலில் வரைந்துவிட்டு, இடம் இல்லை என்று புருவத்தை விட்டுவிடுவார்கள். நான் புருவத்தை முதலில் வரையச் சொல்வேன்.

கீழிமை என்கிற மறந்துபோன கோடு

அனிமே பாணியில் மேலிமைக் கோடு தடியாக, கறுப்பாக இருக்கும். கீழிமை பெரும்பாலும் வெளியோரத்தில் ஒரு மெல்லிய கீற்றோடு நின்றுவிடும், சில ஓவியர்கள் அதையும் போடமாட்டார்கள். அதனாலேயே அதை அலங்காரம் என்று நினைத்துவிடுகிறோம். என் கணக்கில் முகத்திலேயே அதிகம் நேர்மையான கோடு அதுதான். டுஷேன் என்கிற பிரெஞ்சு மருத்துவர் 1862இலேயே இதை எழுதிவிட்டார். உதட்டின் ஓரத்தை நாம் நினைத்தால் இழுத்துவிடலாம், ஆனால் கண்ணைச் சுற்றி வளையமாக ஓடுகிற தசை, உள்ளே நிஜமாகவே சந்தோஷம் இருந்தால்தான் முழுதாகச் சுருங்கும். அப்படிச் சுருங்கும்போது கன்னம் ஏறி, கீழிமையை மேலே தள்ளுகிறது. இதைத் தெரிந்துகொண்டால் மூடிய கண்ணில் பிள்ளைகள் செய்கிற குழப்பம் தீர்ந்துவிடும். தூங்குகிற கண்ணும் மூடித்தான் இருக்கிறது, சிரிக்கிற கண்ணும் மூடித்தான் இருக்கிறது. தூக்கத்தில் மேலிமை தானாகக் கீழே இறங்கி வருவதால் கோடு கீழ்ப்பக்கமாகத் தொங்கி வளையும். சிரிப்பில் கீழிமை மேலே ஏறிப் போவதால் கோடு வானவில்லாக வளையும். ஒரு கோட்டை எந்தப் பக்கம் வளைப்பது என்பதில் ஒரு முகத்தின் மனநிலையே திரும்பிவிடுகிறது.

ஜப்பானியர் மெசேஜில் சிரிப்புக்கு (^_^) என்று போடுகிறார்கள், அமெரிக்கர்கள் :) என்று போடுகிறார்கள் என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். முதலாவதில் கண் சிரிக்கிறது, வாய் நேர்கோடு. இரண்டாவதில் கண் வெறும் புள்ளி, வாய் சிரிக்கிறது. மசாகி யுக்கி என்கிற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் இதைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கண் ஒன்றும் வாய் ஒன்றுமாகச் சொல்கிற முகங்களைக் காட்டினால், ஜப்பானியர்கள் கண்ணுக்கு அதிக எடை கொடுத்தார்கள், அமெரிக்கர்கள் வாய்க்குக் கொடுத்தார்கள். வாய் சின்னக் கீற்றாகவும் கண் முகத்தின் பெரும்பகுதியாகவும் ஆன ஒரு ஓவியப் பாணி அந்த ஊரில் வேர்விட்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. பொய்ச் சிரிப்பு வரைய வேண்டுமா, வாயை நன்றாகச் சிரிக்கவிட்டுக் கீழிமையை அசையாமல் நிறுத்துங்கள், போதும். வில்லன்களின் புன்னகை எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் வரையப்படுகிறது.

சோகம்தான் எல்லோருக்கும் சிக்கலாக இருக்கிறது. காரணம், கண்ணீரை வைத்தால் சோகம் வந்துவிடும் என்கிற நம்பிக்கை. டார்வின் 1872இல் உணர்ச்சி வெளிப்பாடு பற்றி எழுதிய புத்தகத்தில் துக்கத்துக்குக் கொடுத்த முக்கிய அடையாளம் புருவத்தின் உள்முனை மேலே ஏறுவது. நினைத்தவுடன் இதைச் செய்துகாட்ட நிறையப் பேரால் முடியாது, கண்ணாடி முன் நின்று முயன்று பாருங்கள். புருவத்தின் உள்முனை ஏறினால் அதன் அடியில் இருக்கிற தோலும் கூடவே ஏறி, மேலிமையின் உள்பக்கத்தை இழுக்கும், வெளிப்பக்கம் சரிந்துபோகும். அந்தச் சாய்வு கிடைத்துவிட்டால் கண்ணீரே தேவையில்லை. கண்ணீர் வேண்டும் என்றால் அது வருகிற வரிசையில் வர வேண்டும். முதலில் கீழிமையின் மேல் ஒரு பளபளப்பான கரை கட்டும். அங்கே கீழிமைக் கோட்டைக் கொஞ்சம் அழித்துவிட்டு, கருவிழியின் அடிவிளிம்பு கலங்கித் தெரிகிற மாதிரி விடுவேன். ஹைலைட் அப்போது ஒரு வட்டமாக நிற்காது, உடைந்து இரண்டு மூன்றாகும். அந்தக் கரை தாங்க முடியாமல் வழிகிறபோதுதான் துளி. என் மாணவி வரைந்த துளிகள் கண்ணோடு ஒட்டாமல் போனது இதனால்தான், கரை கட்டாமலே அவை கன்னத்துக்கு வந்துவிட்டன. 2001இல் வந்த 'ஸ்பிரிட்டட் அவே' படத்தில் ஹாக்கு கொடுத்த சோற்று உருண்டையைச் சாப்பிட்டுக்கொண்டே சிஹிரோ என்கிற சிறுமி அழுகிற இடம் இருக்கிறதே, அதை வகுப்பில் நிறுத்தி நிறுத்திக் காட்டுவேன். அவளுடைய கண் சின்னது, சாதாரணக் கறுப்பு, நட்சத்திரம் எதுவும் கிடையாது. பெரிய பெரிய துளிகள் கண்ணிலிருந்து திரண்டு உருள்கின்றன. பார்க்கிற பிள்ளைகள் அதோடு பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

கோபம் சுலபம். புருவம் மேலிமையை அழுத்தும், மேலிமை கருவிழியின் தலையை வெட்டும், கீழிமை இறுகி நேராகும். பிள்ளைகள் இதைச் சொல்லித்தராமலே வரைகிறார்கள்.

பயத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. நிஜத்தில் பயந்தவரின் பாப்பா விரியும், அது நரம்பு மண்டலத்தின் வேலை. அனிமேயில் தலைகீழ், கருவிழியும் பாப்பாவும் சேர்ந்து புள்ளியாகச் சுருங்கிவிடும். உடற்கூறு படித்தவர் பார்த்தால் தப்பு என்பார். ஆனால் நாம் எதிரே இருப்பவரின் பாப்பாவை அளந்துகொண்டா பயத்தைக் கண்டுபிடிக்கிறோம்? மேலிமை விருட்டென்று ஏறி வெள்ளை தெரிவதைத்தான் பார்க்கிறோம். வேலன் என்கிற ஆய்வாளரின் குழு 2004இல் வெளியிட்ட ஒரு சோதனையில், பயந்த கண்களின் வெள்ளையை மட்டும், ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் காட்டினார்கள். என்ன பார்த்தோம் என்று மனசுக்குப் பிடிபடுவதற்குள் படம் மாறிவிடும். அந்த நேரத்துக்குள்ளேயே மூளையின் அமிக்டலா பகுதி, சிரிக்கிற கண்களின் வெள்ளைக்குக் காட்டியதைவிட அதிகமான எதிர்வினை காட்டியது. அனிமே ஓவியர்கள் கருவிழியைச் சுருக்கியது அந்த வெள்ளைக்கு இடம் விடுவதற்காக. அவர்கள் செய்தது முழுக்கச் சரி என்றுதான் நான் சொல்வேன்.

அப்படியானால் ஹைலைட் எதற்கு என்று பையன் ஒருநாள் கேட்டான். நல்ல கேள்வி. அவனுக்கு நான் ஒரே படத்தை இரண்டாக வரைந்து, ஒன்றில் மட்டும் ஹைலைட்டை வைக்காமல் காட்டினேன். இமை, புருவம் எல்லாம் ஒன்றுதான். ஹைலைட் இல்லாத கண்ணில் உணர்ச்சி மாறவில்லை, ஆனால் ஆள் அங்கே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. மனசு உடைந்தவர்கள், மயக்கத்தில் கட்டுப்பட்டவர்கள், எல்லாவற்றையும் கைவிட்டவர்கள் வரும்போது அனிமேயில் கண்ணின் ஒளியை அணைத்துவிடுவது இதனால்தான். அவள் என்ன நினைக்கிறாள் என்பதை இமை சொல்கிறது, அவள் இங்கே இருக்கிறாளா என்பதை ஹைலைட் சொல்கிறது. இரண்டையும் வேறு வேறு வேலையாக நினைத்து வரைந்தால் இரண்டும் சரியாக வரும். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று முதலிலேயே முடிவு செய்து, இரண்டு கண்ணிலும் அதே பக்கத்தில் ஒரு பெரிய பொட்டு வைத்தாலே போதும், மற்றதெல்லாம் விருப்பம்.

பாட்டியின் கண்

இப்போது அந்தப் பெண் தன் பாட்டியை அனிமே பாணியில் வரைய வேண்டும் என்று பிடித்துக்கொண்டிருக்கிறாள். இந்தப் பாணியில் வயதானவர்களின் கண்ணைச் சுருக்கத்துக்குள் ஒரு கோடாகவோ புள்ளியாகவோ வரைந்து முடித்துவிடுவதுதான் பெரும்பாலும் வழக்கம், அவர்களுக்கு ஒரே முகம்தான் இருக்கும். அவளுக்கு அது பிடிக்கவில்லை. "எங்க பாட்டி எப்பவும் சிரிச்சுட்டே இருப்பாங்க, கோவம் வந்தா பயங்கரமா முறைப்பாங்க, அதெல்லாம் தெரியணும் அக்கா" என்கிறாள். பெரிய கண் போட்டால் பாட்டி பத்து வயதுச் சிறுமியாகிவிடுகிறார். சின்னதாக வரைந்தால் வேறொரு சிக்கல் வருகிறது. வயதானால் மேலிமைத் தோல் தளர்ந்து வெளியோரத்தில் சரியும், அந்தச் சரிவைத்தான் நாம் சோகத்துக்குப் பயன்படுத்துகிறோம். அதனால் பாட்டி எவ்வளவு சிரித்தாலும் தாளில் துக்கமாகத் தெரிகிறார். வயதும் உணர்ச்சியும் ஒரே கோட்டுக்காகப் போட்டி போடுகின்றன.

பல தாள்கள் தீர்ந்த பிறகு ஓரளவுக்கு வழி பிடிபட்டிருக்கிறது. தளர்ந்த தோலின் மடிப்பையும் இமையின் விளிம்பையும் ஒரே கோடாக வரையாமல் பிரித்தோம். மடிப்பு 2பி பென்சிலின் பக்கவாட்டில் மெல்லிய சாம்பலாக வெளியோரத்தில் சரிகிறது. அதன் அடியில் இமை விளிம்பு கறுப்புப் பேனாவில், சரியாமல், இளைஞர்களுக்கு வரைகிற அதே வளைவில் போகிறது. கீழிமையைக் கருவிழியின் அடியை மறைக்கிற அளவுக்கு ஏற்றி, அதற்கும் கீழே இருக்கிற பையைத் தனியாக ஒரு வளைவில் காட்டினோம். புருவத்தின் உள்முனையைத் தூக்கவே கூடாது, தூக்கினால் மறுபடி அழ ஆரம்பித்துவிடுகிறார். கண்ணோரச் சுருக்கம் மூன்று கோட்டுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து, ஐந்து வேண்டும் என்பது அவள் கருத்து, எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாளாம். சிரிப்பு வந்துவிட்டது. முறைப்புதான் இன்னும் பாக்கி, மடிப்பின் கனத்தில் மேலிமை ஏற்கெனவே பாதி இறங்கியிருப்பதால் புருவத்தை அழுத்த இடமே இல்லை. அடுத்த வாரம் கீழிமையை இறுக்கி, கருவிழியைக் கொஞ்சம் மேலே ஏற்றி வைத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறோம்.